ஐகானுக்கு அலாய் வீல்: அடாப்டரா, சரியான வீலா?

பழைய ஃபோர்டு ஐகானில் வீலுக்கு நான்கு போல்ட்; அவற்றின் மையங்கள் வழியே போகும் வட்டத்தின் விட்டம், அதாவது பிசிடி, 108 மி.மீ. கடைகளில் சுலபமாகக் கிடைக்கும் அலாய்களோ பெரும்பாலும் 100. எட்டு மி.மீ.தானே என்று நட்டை முறுக்கி ஏற்றுபவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். நட்டு சாய்ந்து உட்காரும், ஸ்டட் (நட்டு ஏறும் போல்ட்) வளையும், ஓட ஓட நட்டு தளரும்.

சரி, அடாப்டர்? காருடைய ஸ்டட்டில் ஒரு தட்டைப் பூட்டி, அதிலுள்ள வேறு ஸ்டட்டில் வீலை மாட்டுவது. நல்ல அடாப்டர் 20 மி.மீ.க்குக் குறையாத தடிமன் இருக்கும். அத்தனையும் வீலை வெளியே தள்ளும்; பேரிங்குக்குச் சுமை கூடும், ஸ்டியரிங் கனக்கும், ஃபெண்டரில் டயர் உரசலாம். மழைக்கால வேளச்சேரிப் பள்ளத்தில் இறங்கும்போது எனக்கு அந்த நினைப்பே போதும், வயிற்றைக் கலக்கும்.

சென்னை புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் பொறுமையாகத் தேடினால் பழைய ஃபிகோவின் 14 அங்குல அலாய் அகப்படலாம். அதே 108, நடு ஓட்டையும் அதே 63.4 மி.மீ.; வீலைத் தாங்கும் நடுப்பாகமான ஹப்பில் கச்சிதமாக உட்காரும். விரிசல், வளைவு இருக்கிறதா என்று சுழற்றிப் பார்த்து வாங்குங்கள். வாரக்கணக்கில் அலைய வேண்டியிருக்கும். ஆனாலும் என் ஓட்டு இதற்குத்தான். மாட்டி 100 கி.மீ. ஓடியதும் நட்டுகளை டார்க் ரெஞ்சால் (குறித்த அளவு இறுக்கத்துக்கு முறுக்கும் ஸ்பேனர்) மறுபடி சரிபாருங்கள்.