புது ஏ.ரி.வி.யின் ரன்னிங் இன்: மணி மீற்றரை நம்பவேண்டாம்

காடு மேடெல்லாம் ஓடுகிற நாலு சில்லு வண்டியான இந்த ஏ.ரி.வி.யில் எனக்கு இன்றுவரைக்கும் எரிச்சல் தருவது ஒன்றே ஒன்றுதான், எஞ்சின் எத்தனை மணித்தியாலம் ஓடியது என்று எண்ணுகிற அதன் மணி மீற்றர். இழுவை போதும், சஸ்பென்ஷன் முதுகை நோகடிக்காது, நாலு சில்லுக்கும் இழுவையை மாற்றுகிற சுவிச் கடும் குளிரிலும் ஒழுங்காக வேலை செய்கிறது, அதெல்லாம் சரி. ஆனால் கைபிடிகளுக்கு நடுவில் இருக்கிற அந்தச் சின்னத் திரை, எஞ்சின் சும்மா நின்று உறுமிக்கொண்டிருந்தாலும் மணியைக் கூட்டிக்கொண்டே போகும், டீலரும் சேர்விஸ் கணக்கைப் பெரும்பாலும் அந்த மணியை வைத்துத்தான் பார்ப்பார். ரன்னிங் இன் என்கிற, புது எஞ்சினைப் பழக்குகிற காலத்தில் இது சின்ன விசயம் இல்லை. இரண்டு பனிக்காலம் பாவித்து, இப்போது வால்வ் இடைவெளி பார்த்து எடுத்துவந்த கையோடு எழுதுகிறேன். இடையில் ஸ்காபரோ நண்பர் ஒருவர் தானும் ஒன்று எடுக்கப்போவதாகவும் புதுசை எப்படி ஓட்டவேண்டும் என்றும் கேட்டிருந்தார், அவருக்கும் சேர்த்துத்தான்.

என்னுடையது 450 சி.சி. வகுப்பு, பெல்ற்றில் ஓடுகிற ஓட்டோமற்றிக், முன்னுக்குப் பனி தள்ளும் தகடு. கனடாவில், ஒன்ராறியோவின் கவார்த்தா லேக்ஸ் பக்கம் ஒரு வளவு இருக்கிறது, நீளமான சரளைப் பாதை, பின்னுக்கு மேப்பிள் காடு, கொஞ்சம் ஏற்ற இறக்கம். வேலைக்காகத்தான் வாங்கினது, பாய்ந்து திரிவதற்கு இல்லை. கொம்பனிப் பெயர் இங்கே தேவையில்லை, எல்லாத் தயாரிப்பிலும் இந்த மீற்றர் ஏறக்குறைய இப்படித்தான் எண்ணுகிறது.

முதலில் கையேடுகள் என்ன சொல்கின்றன என்று பார்க்கலாம். யமஹாவின் கையேடுகளில் வழமையாக இருப்பது இது: முதல் 10 மணித்தியாலம் அரைத் திராட்டிலுக்கு (வேகம் கூட்டுகிற லீவரின் பாதித் தூரத்துக்கு) மேலே தொடர்ந்து ஓட்டாதே, ஒவ்வொரு மணித்தியாலமும் ஐந்து பத்து நிமிடம் நிறுத்தி ஆறவிடு, வேகத்தை மாற்றி மாற்றிப் போ. 10இலிருந்து 20 வரைக்கும் முக்கால் திராட்டிலுக்கு மேலே நெடுநேரம் பிடிக்காதே. 20இல் ஒயிலும் பில்ரரும் மாற்று. ஹொண்டாவின் கையேடுகளோ முதல் நாள் அல்லது முதல் 25 கிலோமீற்றருக்கு முழுத் திராட்டிலில் கிளம்பாதே, சடாரென்று வேகம் எடுக்காதே என்பதோடு நிறுத்திக்கொள்கின்றன, முதல் சேர்விஸ் 150 கிலோமீற்றரில் அல்லது 20 மணித்தியாலத்தில். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிக்கிறவன் குழம்பத்தான் செய்வான். என் பார்வையில் இரண்டும் ஒன்றுக்கொன்று எதிர் இல்லை. பிஸ்ரனைச் சுற்றியிருக்கிற ரிங் சிலிண்டரோடு பொருந்துகிற வேலையில் பெரும்பகுதி ஆரம்பத்திலேயே முடிந்துவிடும், கியர், பெல்ற், பிரேக் பாட், வால்வ் இருக்கை இவையெல்லாம் ஆறுதலாகப் படியும், யார் எதை மனதில் வைத்து எழுதினார்கள் என்பதுதான் வித்தியாசம்.

இந்தப் பொருந்துகிற வேலையைத்தான் பலர் பிழையாக விளங்கிக்கொள்கிறார்கள். ரன்னிங் இன் என்றால் மெல்ல ஓட்டுவது என்று நினைக்கிறார்கள். புது சிலிண்டரின் உட்சுவர் வழுவழுப்பாக இருக்காது, குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கீறல்கள் போட்டிருப்பார்கள். அந்தக் கீறல்கள் ஒயிலைப் பிடித்துவைக்கும், அவற்றின் கூர்முனைகளும் ரிங்கின் முகமும் ஒன்றையொன்று தேய்த்துச் சமப்படும். ரிங்கைச் சுவரோடு அழுத்துவது அதன் சொந்த விறைப்பு மட்டும் இல்லை, எரிகிற வாயு ரிங்குக்குப் பின்னால் புகுந்து தள்ளுகிற அழுத்தம்தான் பெரிது. அந்த அழுத்தம் வரவேண்டும் என்றால் எஞ்சினுக்குச் சுமை வேண்டும். சுமையே இல்லாமல் வெறுமனே ஐடிலில் (நின்ற இடத்தில் ஓட) விட்டால் கீறல்களுக்கு மேலே ஒயில் சுட்டுப் பளிங்குபோலப் படிந்துவிடும், பிறகு அந்த எஞ்சின் ஆயுள் முழுக்க ஒயில் குடிக்கும். மறுபக்கம், முதல் நாளே முழுத் திராட்டிலில் சேற்றுக்குள் இறக்கி அலறவிட்டால் சூடு கூடிப் பிஸ்ரன் உரசிவிடும். அளவான சுமை, மாறிமாறி வரும் வேகம், இடையிடையே ஆறுதல், இவ்வளவுதான் விசயம்.

இப்போது என் கோபத்துக்கு வருகிறேன். நான் எடுத்தது இலையுதிர் காலக் கடைசியில். கொஞ்ச நாளிலேயே பனி கொட்டத் தொடங்கிவிட்டது. காலையில் எடுத்து, சூடாகும்வரை ஐடிலில் விட்டு, பாதையில் முன்னும் பின்னுமாக நத்தை வேகத்தில் பனி தள்ளி, தகட்டை நிமிர்த்தி, இறங்கிப் படிக்கட்டில் கிடப்பதைச் சவளால் வழித்து, திரும்பவும் ஏறி. மணி மட்டும் கூடுகிறது. குளிர் மைனஸ் இருபது, இருபத்தைந்து பாகை என்று நிற்கிற காலையில் எஞ்சின் ஒழுங்காகச் சூடாவதற்கு முதலே வேலை முடிந்துவிடுகிறது. ஒயில் மட்டம் பார்க்கிற கோலை, ஒயிற்கோலை, இழுத்துப் பார்த்தால் மட்டம் மேல்கோட்டைத் தாண்டி நிற்கிறது, நான் ஒரு சொட்டும் ஊற்றாமலே! விரலில் தொட்டுத் தேய்த்தால் பிசுபிசுப்பே இல்லை, மூக்கடியில் பிடித்தால் பச்சைப் பெற்றோல் மணம். மூடியின் உட்புறத்தில் பால்நிறத்தில் கொஞ்சம் ஏடு. குளிர்ந்த எஞ்சினுக்கு வண்டியின் கணினி பெற்றோலைக் கூட்டிக் கொடுக்கும், எரியாதது சிலிண்டர்ச் சுவரைக் கழுவிக்கொண்டு, இன்னும் பொருந்தாத ரிங்கைத் தாண்டிக் கீழே ஒயிலுக்குள் இறங்கும். ஒயில் நன்றாகச் சூடேறினால் பெற்றோலும் தண்ணீரும் ஆவியாகிப் போய்விடும், சூடேற விடாவிட்டால் அங்கேயே சேரும். (ஒயில் மட்டம் பார்க்கும்போது கோலைச் சிலதில் திருகாமல் வைத்துப் பார்க்கவேண்டும், சிலதில் திருகி, கையேட்டைப் பார்த்துச் செய்யுங்கள், இல்லாவிட்டால் மட்டம் பொய்யாகத் தெரியும்.)

தொண்ணூறுகளில் பெற்றோல் தடைக்குள் யாழ்ப்பாணத்தில் மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டியவர்களுக்கு இது புதுக்கதை இல்லை. சூப்பியால் கொஞ்சம் பெற்றோலைப் பீச்சி ஸ்ரார்ட் பண்ணிவிட்டு மண்ணெண்ணெயில் ஓடின காலம், எரியாத எண்ணெய் கீழே இறங்கி ஒயிலைத் தண்ணீராக்கிவிடும், அடிக்கடி மாற்றாதவனின் எஞ்சின் தட்டத் தொடங்கும். அதைக் கண்ட கண்ணுக்கு இந்த ஒயிற்கோலைப் பார்த்ததும் வயிற்றைக் கலக்கிவிட்டது.

டீலரிடம் போன் எடுத்துச் சொன்னால், "இருபது வரட்டும், அப்போது கொண்டுவாங்கோ" என்ற அளவில்தான் பதில். அந்த மனுசனை முழுக்கக் குறைசொல்லவும் மாட்டேன், அவருக்கு மீற்றர்தான் சாட்சி. ஆனால் ஐடிலில் போன மணியும் ஏற்றத்தில் மரம் இழுத்த மணியும் ஒன்று என்று ஒரு இயந்திரம் சொன்னால், அந்தக் கணக்கில் எதைப் பழக்குவது? பழைய மெசி பெர்குசன் உழவு இயந்திரங்களில் இருந்த மீற்றர் இதைவிட நேர்மையானது. எஞ்சின் சுற்றைக் கேபிளால் எடுத்து எண்ணும், வேலை செய்கிற சுற்றில் ஓடினால்தான் ஒரு மணி ஒரு மணியாக ஏறும், மெல்ல ஓடினால் மணியும் மெல்லத்தான் ஏறும். அத்தனை வருடத்துக்கு முந்தின கேபிள் செய்ததை, பெற்றோல் ஊசியை மில்லி செக்கனில் கட்டுப்படுத்துகிற கணினியால் செய்ய முடியாதா? மணியோடு சராசரிச் சுற்றையும் காட்டினால் போதும், அதைக்கூடக் காட்டாது.

நியாயமாகப் பார்த்தால், கிலோமீற்றர் கணக்கு வேலை வண்டிக்குச் சரிவராது. நாள் முழுக்க உழைத்தும் சில கிலோமீற்றர்தான் ஓடியிருக்கும், ஆகவே மணி மீற்றர் வைத்தது சரி. அது எண்ணுகிற விதம்தான் சரியில்லை.

நான் செய்தது இது. இருபதுக்கு நிற்கவில்லை. தகட்டைக் கழற்றிவைத்துவிட்டு, குளிர் கொஞ்சம் குறைந்த நாளில் எஞ்சினை நன்றாகச் சூடேற ஓட்டிவந்து, சூட்டோடு சூடாக ஒயிலை வடித்தேன். தட்டில் விழுந்த ஒயில் கறுப்புமில்லை, தேன்நிறமுமில்லை, சாம்பல் கலந்த பழுப்பு, வெயிலுக்குப் பிடித்தால் உள்ளே நுண்ணிய துகள்கள் மின்னிக்கொண்டு சுழன்றன. ஒயில் வடிக்கிற ட்ரெயின் போல்ற்றின் நுனிக் காந்தத்தில் கரும்பசை மாதிரி இரும்புத்தூள், விரலால் வழித்தால் நகத்துக்குள் ஏறுகிற அளவு நைசு. புது எஞ்சினில் இது வரவேண்டியதுதான், பயப்படத் தேவையில்லை, நைசாக இல்லாமல் செதிலாக வந்தால்தான் பயப்படவேண்டும். அது எஞ்சினுக்குள் சுற்றிக்கொண்டிருப்பதைவிடத் தட்டில் கிடப்பது நல்லது என்பதால் மாற்றினேன், ரசீதை வைத்துக்கொண்டேன், பிறகு இருபதில் டீலரிடமும் முறைப்படி மாற்றினேன். இரண்டு தரம் காசு. அந்தக் காசுக்கு நான் அழவில்லை.

ஒயில் பற்றி ஆளுக்கொரு கட்சி. சிந்தெற்றிக் (செயற்கை ஒயில்) போட்டால் ரிங் பொருந்தாது என்று இன்னமும் சண்டை பிடிக்கிறார்கள், ஆனால் கொர்வெற் கார் 1992இலிருந்து சிந்தெற்றிக்கோடுதான் தொழிற்சாலையை விட்டு வெளியே வருகிறது. அதைவிட முக்கியமானது வேறு: எஞ்சின் ஒயிலிலேயே கிளச்சும் நனைகிற வண்டி என்றால் ஜாசோ எம்.ஏ (நனைந்த கிளச்சுக்கான ஜப்பானியத் தரம்) போட்ட ஒயில்தான் வேண்டும். காருக்கு என்று விற்கிற, எரிபொருள் மிச்சம் பிடிக்கிற ஒயிலை ஊற்றினால் கிளச் வழுக்கும்.

இனி நான் எதிர்பார்க்காத சந்தோசம். அரைத் திராட்டில் என்று கையேடு சொல்கிறதே, கட்டைவிரலால் தள்ளுகிற லீவரில் அரை எது என்று யாருக்குத் தெரியும்? என் வண்டியில் சுற்று மீற்றரும் இல்லை. தடித்த கையுறையோடு, குலுங்குகிற பாதையில், விரல் தன்பாட்டில் உள்ளே போய்விடும். ஆனால் திராட்டில் பெட்டியின் பக்கவாட்டில் ஒரு சின்ன ஸ்க்ரூவும் பூட்டு நட்டும் இருக்கிறது, புதிதாகப் பழகுகிறவர்கள் வேகம் எடுக்காமல் இருக்க வைத்தது. நட்டைத் தளர்த்தி ஸ்க்ரூவை உள்ளே திருகினால் லீவர் அந்த இடத்தோடு நின்றுவிடும். பாதித் தூரத்தில் நிறுத்தி வைத்தேன், பிறகு முக்காலுக்கு விட்டேன், கடைசியில் முழுக்கத் திறந்தேன். ரன்னிங் இன் பக்கத்தில் இதைப்பற்றி ஒரு வரிகூட இல்லை, வேறு ஏதோ பக்கத்தில் தனியாகக் கிடக்கிறது! இரண்டையும் ஒரே பக்கத்தில் போட்டிருந்தால் எத்தனை பேர் நிம்மதியாக ஓட்டியிருப்பார்கள். திருகிய பிறகு லீவர் தடையில்லாமல் திரும்பி வருகிறதா என்று மட்டும் கட்டாயம் பாருங்கள்.

எங்கே ஓட்டுவது என்பதும் முக்கியம். லின்ட்சேயிலிருந்து பெனலன் போல்ஸ், கின்மவுண்ட் என்று ஹலிபர்ட்டன் பக்கம் போகிற விக்ரோறியா ரெயில் ட்ரெயில் பழைய ரெயில் பாதை, வடிவான இடம், ஆனால் ரெயிலுக்காக வெட்டினது, நேராகவும் மட்டமாகவும் போகும். அதில் ஒரே வேகத்தில் போவதால் புது எஞ்சினுக்குப் பெரிய நன்மை இல்லை. வளவுக்குள்ளேயே, சின்ன ரெயிலரில் மேப்பிள் துண்டுகளை ஏற்றி மேட்டில் இழுத்து, இறக்கத்தில் விரலை எடுத்து எஞ்சினாலேயே பிடித்து இறங்கினேன், பிறகு நிறுத்திவிட்டு ஆறும்வரை விறகு அடுக்கினேன். வேலையும் நடந்தது.

பலன் என்ன என்றால், இரண்டாவது பனிக்காலத்தில் கோடைக்குப் பிறகு மாற்றின ஒயில் குறையவே இல்லை, மட்டம் ஏறுவதும் நன்றாகக் குறைந்துவிட்டது. வால்வ் இடைவெளியும் அளவுக்குள்தான். குளிரில் ஒரே தட்டில் ஸ்ரார்ட், சத்தம் சீராக, ஈரப்பனியைத் தள்ளும்போதும் மூச்சு வாங்காத இழுவை. இந்த எஞ்சினைப் பற்றி ஒரு குறையும் சொல்லமாட்டேன்.

அப்படியிருந்தும் நண்பருக்குச் சொல்வது, இந்த முறை புதுசு எடுக்கவேண்டாம். முந்தின வருட மொடலுக்கு மார்கழியில் எவ்வளவு விலை இறக்கினாலும் வேண்டாம், இந்த மீற்றரோடு இன்னொரு பனிக்காலத்தை மல்லுக்கட்டச் சொல்லி நான் ஒருவரையும் அனுப்பமாட்டேன். சித்திரை, வைகாசியில் எடுத்தால் கதை வேறு. இல்லை, இப்போதே வேண்டும் என்று நின்றால், பனி தள்ளும் தகட்டுக்குக் காசு கொடுக்க முதல் இரண்டு ஒயில் மாற்றத்துக்கு வேண்டிய ஒயிலும் பில்ரரும் வாங்கிக் கராச்சில் வைக்கட்டும், ஒவ்வொரு காலையும் எஞ்சினை எடுக்க முதல் ஒயிற்கோலை இழுத்து மணந்து பார்க்கட்டும், பெற்றோல் மணந்தால் திரையில் என்ன மணி நின்றாலும் அன்றைக்கே வடிக்கட்டும்.