வேர் செத்துப்போச்சு மேடம்: முடி கொட்டுகிறவர்கள் கட்டாயம் படிக்கவும்

ஏமாந்த கதையைச் சொல்ல யாருக்கும் பிடிக்காது. எனக்கும்தான். போன வாரம் தோழி ஒருத்தி, "முடிக்கு ஒரு பேக்கேஜ்ல சேரலாம்னு இருக்கேன், இன்னிக்கு அட்வான்ஸ் கட்டணும்" என்றாள். அவள் சொன்ன ஒவ்வொரு வரியும் நான் ஏற்கனவே கேட்ட வரி. அதனால்தான் எழுதுகிறேன்.

ஒரு கடுமையான காய்ச்சலில் பத்து நாள் படுத்திருந்தேன். தேறினேன், வேலைக்குப் போனேன், மறந்தும்விட்டேன். இரண்டரை மாதம் கழித்துத் தலைக்குக் குளிக்கும்போது கை நிறைய முடி வந்தது. அப்புறம் தலையணையில், துண்டில், வீடு பெருக்கினால் முறத்தில். குளியலறையில் தண்ணீர் போகும் ஓட்டை அடைத்துக்கொண்டது. எண்ண ஆரம்பித்தேன். எண்ணுவது பெரிய தப்பு, தூக்கம் போய்விடும். காய்ச்சலையும் இதையும் முடிச்சுப் போட்டுப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை. நடுவில் இரண்டு மாதம் ஓடிவிட்டதே.

ராத்திரியில் கைபேசியில் தேடினேன். மறுநாள் விடிந்ததிலிருந்து திறந்த பக்கமெல்லாம் விளம்பரம். இலவசத் தலைப் பரிசோதனை, 90 நாளில் முடி கொட்டுவது நிற்கும், இல்லையென்றால் பணம் வாபஸ். விளம்பரம் செய்த அந்த முடி சிகிச்சை மையத்துக்குப் போனேன்.

வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு பெண் உட்கார வைத்தாள். டாக்டர் என்று நானாகவே நினைத்துக்கொண்டேன். அவள் பெயருக்குக் கீழே 'ஆலோசகர்' என்று எழுதியிருந்ததை இரண்டாவது மாதம்தான் கவனித்தேன். பேனா மாதிரி ஒரு கேமராவை என் தலையில் வைத்தாள். எதிரே இருந்த திரையில் என் மண்டைத்தோல் நிலவின் தரை மாதிரி தெரிந்தது. பிறகு ஒரு முடியை எடுத்து அதன் முனையைக் காட்டினாள். வெள்ளையாக, சின்னக் குமிழ் மாதிரி இருந்தது.

"பாருங்க மேடம், வேர் செத்து வெளிய வருது. இப்படியே விட்டா ஆறு மாசத்துல முன்பக்கம் காலி."

என் கை நடுங்கியது. இந்த இடத்தில்தான் நான் விழுந்தேன், அதனால் இதை மட்டும் நிதானமாகச் சொல்கிறேன். அந்த வெள்ளைக் குமிழ் வேர் இல்லை. தலையில் ஏறக்குறைய ஒரு லட்சம் முடி இருக்கிறது. ஒவ்வொன்றும் 2 முதல் 6 வருடம் வளரும், பிறகு சுமார் 3 மாதம் சும்மா இருந்துவிட்டு விழும். அப்படி ஓய்வு முடிந்து இயல்பாக விழுகிற முடியின் முனையில்தான் அந்தக் குமிழ் இருக்கும். முடியை உண்டாக்குகிற மயிர்க்கால் தோலுக்குள்ளேயே பத்திரமாக இருக்கிறது, அடுத்த முடியை வளர்க்கத் தொடங்கிவிடும். ஆரோக்கியமான தலையிலும் நாளுக்கு 50 முதல் 100 முடி இப்படிப் போகும். யாருடைய சீப்பில் இருந்து எடுத்துக் காட்டினாலும் அந்தக் குமிழ் தெரியும். அவள் சீப்பிலும்தான்.

கடுமையான காய்ச்சல், அறுவை சிகிச்சை, பிரசவம், சடாரென்று எடை குறைவது, இவையெல்லாம் வளர்ந்துகொண்டிருக்கும் முடிகளில் கணிசமான பங்கை ஒரே நேரத்தில் ஓய்வுக்குத் தள்ளிவிடும். அவை இரண்டு மூன்று மாதம் கழித்து ஒன்றாக உதிரும். டெலோஜன் எஃப்ளூவியம் என்று இதற்குப் பெயர். காரணம் தீர்ந்துவிட்டால் பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் தானாகவே அடங்கும். இப்போது அந்த '90 நாள் உத்தரவாதம்' என்ன என்று புரிகிறதா? எப்படியும் நிற்கப்போவதை நிறுத்துவதாகச் சொல்லி விற்கிறார்கள்.

எனக்கு அன்று இது எதுவும் தெரியாது. "இன்னிக்கே சேர்ந்தா பாதி விலை" என்றாள். இரண்டு மாதச் சம்பளத்துக்கு மூன்று தவணையில் கையெழுத்துப் போட்டேன். பொடி எழுத்தில் 'பலன் ஆளுக்கு ஆள் மாறும், செலுத்திய தொகை திருப்பித் தரப்படாது' என்று இருந்ததாம். விளம்பரத்தில் வாபஸ், காகிதத்தில் இல்லை.

கொடுத்தது என்ன? வாரம் ஒரு நாள் தலையில் சிவப்பு விளக்குத் தொப்பி. பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை. அப்புறம் 'முழுக்க மூலிகை' என்று ஒரு சீரம். அந்தப் புட்டியில் லேபிளே இல்லை, என் பெயர் எழுதிய வெள்ளைக் காகிதம் மட்டும் ஒட்டியிருந்தது. எனக்கென்றே தனியாகத் தயாரித்தது என்று அதில் எனக்குப் பெருமை வேறு!

ஏழெட்டு வாரத்தில் நெற்றி ஓரத்திலும் கன்னத்திலும் பூனைமுடி வர ஆரம்பித்தது. தலையில் அரிப்பு. போன் செய்து கேட்டேன். "அது மருந்து வேலை செய்யுற அடையாளம் மேடம், சந்தோஷப்படுங்க" என்றார்கள். கன்னத்தில் முடி முளைத்ததற்குச் சந்தோஷப்படச் சொன்ன ஒரே ஆள் அவர்கள்தான்.

அதன் பிறகுதான் ஒரு தோல் மருத்துவரிடம் போனேன். அவர் கேட்ட முதல் கேள்வியே, "நாலஞ்சு மாசம் முன்னாடி காய்ச்சல் எதாவது வந்துச்சா?" என்பதுதான். அந்த மையத்தில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன், ஒருத்தர்கூட இதைக் கேட்கவில்லை. வகிட்டைப் பார்த்தார், ஐம்பது முடி அளவுக்குக் கற்றையாகப் பிடித்து மெதுவாக இழுத்துப் பார்த்தார், ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பில் சேமித்திருக்கும் இரும்புச்சத்தின் அளவைக் காட்டுவது), தைராய்டு என ரத்தப் பரிசோதனைகள் எழுதிக் கொடுத்தார். கேமராவும் இல்லை, திரையும் இல்லை.

தைராய்டு அளவுக்கு மீறி வேலை செய்வதாக ரிப்போர்ட் வந்தது. எனக்கு அடுத்த அதிர்ச்சி. அவர் அதைப் பார்த்துவிட்டு, "முடிக்குன்னு ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா?" என்றார். அதிக அளவு பயோட்டின் சில ரத்தப் பரிசோதனை முடிவுகளையே புரட்டிவிடுமாம். மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் ட்ரோபோனின் சோதனைகூட அதில் சேர்த்தி, அமெரிக்க மருந்து நிர்வாகம் 2017இல் இதைப் பற்றி எச்சரிக்கையே விட்டிருக்கிறது. பயோட்டின் பற்றாக்குறை உண்மையில் அபூர்வம், எனக்கு அது தேவைப்படவே இல்லை. நிறுத்திவிட்டுத் திரும்ப எடுத்தோம், தைராய்டு சரியாக இருந்தது. ஃபெரிட்டின்தான் குறைவு. அதற்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார். சிகிச்சை என்றால் அவ்வளவுதான்.

சீரம் புட்டியையும் காட்டினேன். "லேபிள் இல்லாத புட்டிக்கு நான் ஜோசியமா சொல்ல முடியும்? பூனைமுடி வர்றதைப் பார்த்தா மினாக்ஸிடில் கலந்திருக்கலாம்னு சந்தேகம்" என்றார். மினாக்ஸிடில் போலி மருந்து இல்லை. முதலில் ரத்த அழுத்தத்துக்கு வந்த மாத்திரை, சாப்பிட்டவர்களுக்கு உடம்பெல்லாம் முடி வளர்ந்ததைப் பார்த்துத் தலையில் தடவும் மருந்தாக்கினார்கள். 1988இல் அமெரிக்காவில் ஆண்களின் வழுக்கைக்கு அனுமதி கிடைத்தது. ஆனால் எத்தனை சதவீதம் என்று தெரிந்து போட வேண்டும், கர்ப்பமாக இருந்தால் போடக் கூடாது, நிறுத்தினால் அதனால் வளர்ந்த முடி திரும்ப உதிரும். மூலிகை என்று பொய் சொல்லிக் கொடுத்தால் இதில் ஒன்றையும் நீங்கள் கேட்கக்கூட முடியாது.

அந்த மையத்தின் காத்திருக்கும் அறையில் பக்கத்தில் அடிக்கடி உட்காரும் ஒரு பையனைத்தான் இப்போதும் நினைத்துக்கொள்கிறேன். இருபத்திரண்டு வயது இருக்கும், நெற்றியின் இரண்டு ஓரமும் ஏறிக்கொண்டிருந்தது. அவனுக்கும் எனக்கும் ஒரே விளக்குத் தொப்பி, ஒரே மாதிரிப் புட்டி. எனக்கு எப்படியும் திரும்பி வந்திருக்கும். அவனுடையது பரம்பரை வழுக்கை மாதிரி இருந்தது. டிஎச்டி என்ற ஹார்மோனால் மயிர்க்கால் வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்குவது அது, தானாகத் திரும்பாது. சீக்கிரம் ஆரம்பித்தால்தான் மருந்து கைகொடுக்கும். நான் இழந்தது பணம். அவன் இழந்தது ஒரு வருடம். வட்ட வட்டமாகக் கொட்டினாலும், தோலில் எரிச்சலோ சீழோ தழும்போ இருந்தாலும் இதே கதைதான், பேக்கேஜில் உட்கார்ந்து நாளை ஓட்ட முடியாது.

எண்ணெயைப் பற்றியும் மருத்துவரிடம் கேட்டேன், சிரித்தார். எண்ணெய் முடித்தண்டு உடையாமல் வழவழப்பாக வைத்திருக்கும், மயிர்க்காலுக்கு உயிர் கொடுக்காது. தலையை இழுத்து இறுக்கிக் கட்டுவதை விடச் சொன்னார், தினமும் அப்படிக் கட்டினால் நெற்றி ஓர முடி நிரந்தரமாகவே போய்விடக்கூடும். மற்றபடி, காத்திருக்கச் சொன்னார். முடி மாதம் ஒரு சென்டிமீட்டர்தான் வளரும், அதை யாராலும் விரட்ட முடியாது.

பணம் கேட்டுப் போனேன். மேலாளர் லீவு. அடுத்த முறையும் லீவு. எழுத்தில் புகார் கொடுத்து, புட்டியைப் பரிசோதனைக்கு அனுப்பப் போகிறேன் என்றதும் லீவு முடிந்தது. கடைசித் தவணையை ரத்து செய்தார்கள், கட்டியது கட்டியதுதான்.

இரண்டு மாதம் கழித்து என் படம் அவர்கள் விளம்பரத்தில் வந்தது. 'முன்' படம் முதல் நாள் எடுத்தது, தலையை நனைத்து, நேர் மேலே விளக்கு வைத்து எடுத்தார்கள். 'பின்' படம் காய்ந்த முடி, வகிடு மாற்றி, பக்கவாட்டு வெளிச்சம். படத்தை நீக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தும் இன்னும் நீக்கவில்லை. கண்களைக் கறுப்புப் பட்டை போட்டு மறைத்திருக்கிறார்கள். வலது காதுக்குக் கீழே ஒரு மச்சம் தெரிந்தால் அது நான்தான். அந்த முடி காய்ச்சல் போனதால் வந்தது.