பீட் லிங்க் ட்ரிகர்: மண்டபத்து எல்இடி திரையில் பாட்டின் பெயரைக் காட்டும் மென்பொருள்

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் வரவேற்பு நிகழ்ச்சிகளில் மேடைக்குப் பின்னால் எல்இடி சுவர் நிற்கிறது. மணமக்கள் பெயர் வருகிறது, பூ கொட்டுகிறது, கேமராக் காட்சி ஓடுகிறது. ஒலிக்கும் பாட்டு எது என்பது மட்டும் வருவதில்லை. டிஜே மேசையில் இருப்பது லேன் (நெட்வொர்க் கேபிள்) வசதியுள்ள பயனியர் பிளேயர் (பாட்டு ஓட்டும் கருவி) என்றால், பாட்டின் பெயர், பாடியவர், ஆல்பம் படம் எல்லாவற்றையும் அந்த நொடியே திரைக்குக் கொண்டுவரலாம். அதற்கு இன்று கிடைப்பவற்றில் முதலிடம் பீட் லிங்க் ட்ரிகருக்குத்தான்.

டீப் சிமெட்ரி என்ற பெயரில் ஜேம்ஸ் எலியட் எழுதி வரும் இலவசத் திறமூல மென்பொருள் இது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். பயனியர் நிறுவனம் வெளியிட்டதல்ல. பிளேயர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் ப்ரோ டிஜே லிங்க் மொழியை வெளியிலிருந்து கவனித்து, புரிந்துகொண்டு எழுதியது. அதனால் பிளேயரின் ஃபர்ம்வேரை (உள்மென்பொருளை) புதுப்பித்த அன்றே நிகழ்ச்சிக்குக் கிளம்ப வேண்டாம். ஒருமுறை வீட்டில் இணைத்துப் பார்த்துவிடுங்கள்.

இது வேலை செய்யும் விதம் தெரிந்தால் பாதித் தொல்லை போய்விடும். ஒவ்வொரு பிளேயரும் லேன் கேபிள் வழியாக 'நான் இத்தனையாவது பிளேயர்' என்று 50000 என்ற போர்ட்டில் (நெட்வொர்க் வாசல் எண்ணில்) அறிவிக்கிறது. தாளத் துடிப்பு 50001இல் வருகிறது, ஓடும் நிலை 50002இல் வருகிறது. அந்த நிலைத் தகவலில் பாட்டின் பெயர் கிடையாது. எந்த யுஎஸ்பியில் எத்தனையாம் எண் பாட்டு என்பது மட்டும்தான் இருக்கும். மென்பொருள், பிளேயர் வழியாக அந்த யுஎஸ்பிக்குள் போய், பயனியரின் பாட்டுத் தொகுப்பு மென்பொருளான ரெகார்ட்பாக்ஸ் எழுதி வைத்த தரவுத்தளத்தை எடுத்துவந்து, எண்ணுக்குரிய பெயரைத் தேடிக் காட்டுகிறது. ஆகவே பாட்டுகளை வெறுமனே பென்டிரைவில் காப்பி செய்து வந்தால் ஒலி அலைப் படமும் தாளக் கட்டமும் வராது, பெயரும் கோப்பில் இருக்கும் டேக்கை (பெயர்க் குறிப்பை) பொறுத்ததாகிவிடும். ரெகார்ட்பாக்ஸில் அலசி, எக்ஸ்போர்ட் செய்த யுஎஸ்பிதான் வேண்டும். ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்தது எல்லா மாடலிலும் ஏறும்.

நம் ஊரில் இன்னொரு சிக்கல், பாட்டு இறக்கிய தளத்தின் பெயர் டைட்டிலோடு ஒட்டிக்கொண்டு வருவது. பிளேயரின் சின்னத் திரையில் அதை யாரும் கவனிப்பதில்லை. பன்னிரண்டு அடிச் சுவரில், பெண் வீட்டார் முன்னால் வரும்போது அசிங்கமாகத் தெரியும். கோப்பின் பெயரை மாற்றிப் பயனில்லை. ரெகார்ட்பாக்ஸுக்குள் டைட்டில், ஆர்ட்டிஸ்ட் கட்டங்களைத் திருத்தி மீண்டும் எக்ஸ்போர்ட் செய்ய வேண்டும். முன்னூறு பாட்டு என்றாலும் ஒரு மாலையில் முடிகிற வேலை. தயவுசெய்து செய்யுங்கள்.

சிடிஜே-2000 நெக்ஸஸ், நெக்ஸஸ்-2, சிடிஜே-3000, எக்ஸ்டிஜே-1000 ஆகியவை இதற்குப் பொருத்தமானவை. கணினியோடு யுஎஸ்பி வழியே இணையும் டிடிஜே வகைக் கன்ட்ரோலர்களுக்கு இது உதவாது. ஓபஸ்-குவாட் (பிளேயரும் மிக்சரும் ஒன்றான கருவி) வைத்திருப்பவர்கள் யுஎஸ்பியிலிருந்து ஒரு காப்பகக் கோப்பை முன்கூட்டியே கணினியில் உருவாக்கி வைத்தால்தான் பெயர் வரும்.

வயரிங் எளிது. இரண்டு பிளேயர், ஒரு மிக்சர், ஒரு லேப்டாப்; ஐந்து போர்ட் உள்ள சாதாரண ஸ்விட்ச் போதும். கேட்5இ கேபிள் நான்கு. லேப்டாப்பில் லேன் துளை இல்லையென்றால் யுஎஸ்பி-லேன் அடாப்டர் ஒன்று. லேப்டாப்பை டிஜே மேசையில் வைக்காமல், எல்இடி ப்ராசஸர் (படத்தைச் சுவருக்கு அனுப்பும் பெட்டி) இருக்கும் இடத்தில் வைப்பதே நல்லது. எச்டிஎம்ஐ கேபிள் 15 மீட்டரைத் தாண்டினால் படம் விட்டுவிட்டு வரத் தொடங்கும். லேன் கேபிள் 100 மீட்டர் வரை அசராது. மண்டபத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நீளமாக ஓட வேண்டியது லேன்தான்.

ரௌட்டரைத் தவிர்த்து, வெறும் ஸ்விட்ச் போடச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மின்சாரம் போய் ஜெனரேட்டருக்கு மாறும் அந்த இடைவெளியில் எல்லாம் அணைந்து எழும். பிளேயர் சட்டென்று எழுந்துவிடும், ரௌட்டர் மெதுவாக எழும். நெட்வொர்க் முகவரி தர ஆள் இல்லாததால் பிளேயர் 169.254 என்று தொடங்கும் முகவரியைத் தானே எடுத்துக்கொள்ளும். லேப்டாப் பிறகு ரௌட்டரிடம் 192.168 வாங்கிக்கொள்ளும். இரண்டும் வேறு வேறு தெருவில் நின்றால் எப்படிப் பேசும்? ரௌட்டரே இல்லாவிட்டால் எல்லாமே 169.254இல் வந்து சேரும். விண்டோஸ் அந்த முகவரிக்கு வர ஒரு நிமிடம் வரை எடுக்கலாம், பொறுத்திருங்கள். அவசரமென்றால் கையால் 169.254இல் தொடங்கும் முகவரியும் 255.255.0.0 மாஸ்க்கும் கொடுத்துவிடலாம். ஸ்விட்சுக்கும் பிளேயர்களுக்கும் சின்ன யுபிஎஸ் ஒன்று வைத்துவிட்டால் இந்தப் பேச்சே எழாது.

'பிளேயர்களைத் தேடுகிறது' என்ற செய்தியோடு மென்பொருள் அப்படியே நின்றால் மூன்றைப் பாருங்கள். விண்டோஸ் இந்த மாதிரி நெட்வொர்க்கைப் பொது நெட்வொர்க் என்று கணக்கிட்டு ஃபயர்வாலில் தடுத்திருக்கும். பொது, தனி இரண்டிலும் அனுமதி கொடுங்கள். அதே லேப்டாப்பில் ரெகார்ட்பாக்ஸ் திறந்திருந்தால் அந்தப் போர்ட்டுகளை அது பிடித்துவைத்திருக்கும், மூடிவிடுங்கள். வைஃபையும் கேபிளும் ஒரே நெட்வொர்க்கில் சேர்ந்திருந்தால் மென்பொருள் குழம்பும், வைஃபையை அணைத்துவிடுங்கள்.

திரைக்கு அனுப்புவதற்கு, மென்பொருளுக்குள்ளேயே ஓபிஎஸ்ஸுக்கான (காட்சிகளைச் சேர்த்துத் திரைக்கு அனுப்பும் மென்பொருளுக்கான) வெப் சர்வர் இருக்கிறது. நெட்வொர்க் மெனுவில் அதைத் திறந்து ஓடவிட்டால் 17081 என்ற போர்ட்டில் பக்கம் வரும். ஓபிஎஸ்ஸில் பிரவுசர் சோர்ஸாக அதைச் சேர்த்தால் முடிந்தது. அந்தப் பக்கத்தின் டெம்ப்ளேட் (வடிவமைப்புக் கோப்பு) சாதாரண எச்டிஎம்எல் என்பதால் விருப்பம்போல் மாற்றலாம். தமிழ்ப் பெயர்களுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவைப் பொதுக் கோப்புறையில் போட்டு டெம்ப்ளேட்டில் குறிப்பிடுங்கள்.

எழுத்தின் அளவை லேப்டாப் திரையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பி3.91 (புள்ளிகளுக்கிடையே 3.91 மில்லிமீட்டர்) வகைப் பலகையில் அரை மீட்டர் சதுரப் பெட்டி ஒன்றுக்கு 128க்கு 128 புள்ளிகள் (பிக்சல்). 4 மீட்டர் அகலம், 2.5 மீட்டர் உயரம் உள்ள சுவருக்கு 1024க்கு 640 மட்டுமே. ஓபிஎஸ் கேன்வாஸை அதே அளவுக்கு வைத்து, தமிழ் எழுத்தை 48 பிக்சல் உயரத்துக்குக் குறையாமல் வையுங்கள். அதற்குக் கீழே மெய்யெழுத்தின் புள்ளியும் கொம்பின் சுழியும் கரைந்து, 'மெட்டு' எது 'மேட்டு' எது என்று தூரத்திலிருந்து தெரியாது.

இதன் முக்கியமான குறை: எந்தப் பாட்டு உண்மையில் ஸ்பீக்கரில் கேட்கிறது என்பதை மென்பொருள் தானாக அறியாது. டெம்போ மாஸ்டரை (மற்றவற்றுக்குத் தாள வேகம் தரும் பிளேயரை) நம்பி டெம்ப்ளேட் எழுதினால், ஹெட்ஃபோனில் மட்டும் கேட்கும் அடுத்த பாட்டு திரைக்கு முன்னதாகவே வந்துவிடும். லிங்க் துளை உள்ள டிஜேஎம்-900 நெக்ஸஸ்-2 போன்ற மிக்சரும் அதே ஸ்விட்சில் சேர்ந்தால், எந்தச் சேனலின் ஃபேடர் (ஒலி அளவுத் தள்ளி) மேலே இருக்கிறது என்பதை அது சொல்லிவிடும். அந்த 'ஆன் ஏர்' குறியை வைத்தே காட்டுங்கள். மிக்சரின் சேனல் எண்ணும் பிளேயர் எண்ணும் ஒன்றாக இருப்பது அவசியம். இரண்டாம் பிளேயரின் ஒலியை மூன்றாம் சேனலில் செருகினால் குறி தப்பாக வரும்.

எச்டிஎம்எல் தொடவே தயங்குபவர்களுக்கு ப்ரோலிங்க் டூல்ஸ் என்ற இன்னொரு இலவச மென்பொருள் உண்டு. கலக்கும் நேரத்தைக் கணித்து, பாட்டு மாறிய பிறகே பெயரை மாற்றும் அதன் முறை அழகு. ஆனால் ஆழமும், மாற்றியமைக்கும் சுதந்திரமும் பீட் லிங்க் ட்ரிகரில்தான். ஓடிய பாட்டுகளைச் சிஎஸ்வி பட்டியலாக எழுதிவைக்கும் வசதியும் அதில் உண்டு. கல்லூரி விழாவிலோ ஓட்டலிலோ பாட்டுப் பட்டியல் கேட்டால் அப்படியே கொடுக்கலாம்.

பிளேயரை வாடகைக்கு எடுப்பவர்கள் முன்பணம் கொடுக்கும் முன்பு கேட்க வேண்டியவை: இரண்டும் ஒரே மாடலா, ஒரே ஃபர்ம்வேர் பதிப்பா, மிக்சரில் லிங்க் துளை உண்டா, லேன் கேபிள் சேர்த்துத் தருவார்களா. கேபிளின் கிளிப் உடைந்திருந்தால் வாங்காதீர்கள். பாஸ் ஒலி அதிரும்போது மேசையோடு சேர்ந்து அதுவும் நழுவும், முதலில் மறைவது பாட்டின் பெயர்தான்.