கட்டம் கட்டித் தோண்டுவதா, பரப்பைத் திறப்பதா?

இங்கிலாந்தின் டார்செட்டில் உள்ள மெய்டன் காசில் மலைக்கோட்டையைத் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் 1934 முதல் 1937 வரை தோண்டினார். சதுரக் குழிகள், நடுவே விட்டுவைத்த மண்சுவர்கள். அந்தச் சுவரில் மண்ணடுக்குகளை வரி வரியாகப் படிக்கலாம். புதிய கற்காலத் தடயங்கள் முதல் ரோமானியக் கோயில் வரை அங்கே கிடைத்தன. பிறகு 1945இல் நம் அரிக்கமேட்டுக்கும் இதே முறையைக் கொண்டுவந்தார். எது முந்தியது, எது பிந்தியது என்று அறிய அருமையான வழி.

சரி, மரத்தால் கட்டிய வீடு என்றால்? மரம் மட்கிவிடும். மிஞ்சுவது வெளிர் சுண்ணப்பாறையில் கறுத்த வட்டங்கள்தான், தூண் நட்ட குழிகள். சிறு சதுரத்துக்குள் அவற்றில் இரண்டு மூன்று தெரியும், மீதி மண்சுவருக்கு அடியில் போய்விடும். சாலிஸ்பரி அருகே லிட்டில் வுட்பரியில், நாஜிகளால் பதவி இழந்த ஜெர்மானிய அறிஞர் கெர்ஹார்ட் பெர்சு, 1938-39இல் அகலமான பட்டைகளாக மேல்மண்ணை நீக்கினார். சுமார் 15 மீட்டர் விட்டமுள்ள வட்ட வீடு முழுசாகத் தெரிந்தது! அதுவரை மக்கள் வாழ்ந்த பள்ளங்கள் என்று நம்பப்பட்டவை தானியக் குழிகள் என்றும் அவர் காட்டினார்.

கிராமக் குடியிருப்புக்கு நான் பெர்சு பக்கம். அடுக்குகளைப் பார்க்க ஓரிரு வெட்டுமுகங்களை, அதாவது நேராக வெட்டிய மண்சுவர்களை, விட்டுவைத்தால் போதும்.