தண்டையார்பேட்டையில் என் பழைய ஆர்15-க்கு வாய்த்த பட்டறை

தண்டையார்பேட்டையில், திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலிருந்து பிரியும் சந்தொன்றில் இருக்கும் இந்தப் பட்டறைக்குப் பெயர்ப் பலகை கிடையாது. ஸ்போர்ட்ஸ் பைக் வைத்திருப்பவர்கள் ஒருவர் சொல்லி ஒருவர் வருகிறார்கள். 2008-இல் இந்தியாவில் அறிமுகமான முதல் தலைமுறை யமஹா ஆர்15 ஒன்றைப் பழையதாக வாங்கிய நான், மூன்று மாதங்களில் நான்கு முறை அங்கே போய்வந்தேன்.

முதல் நாள் நான் கேட்டது 130 மில்லிமீட்டர் அகலமுள்ள பின் டயர். என் வண்டிக்கு நிறுவனம் கொடுத்தது 100/80-17. 130/70-17 என்பது இரண்டாம் தலைமுறையில், அதற்கேற்ற அகலமான ரிம்முடன் வந்தது. பட்டறைக்காரர் டயரை எடுத்துத் தரவில்லை. டேப்பை என் ரிம்மின் குறுக்கே பிடித்துக் காட்டி, "தம்பி, இந்த ரிம்முல அத ஏத்துனா ரெண்டு பக்கமும் இறுக்கி நடுவுல மட்டும் தூக்கிக்கும், வளைவுல நம்பி சாய்க்க முடியாது" என்றார். 17 குதிரைத்திறன் கொண்ட 150 சிசி எஞ்சினுக்குப் பின்சக்கரத்தில் எடை ஏறினால் இழுவையும் மந்தமாகும் என்பதை அவர் சொன்ன பிறகு, பழைய அளவிலேயே புது டயர் போட்டுக்கொண்டேன். விற்றிருந்தால் அவருக்குத்தான் லாபம் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும்.

எண்ணூர் பக்கம் தினமும் ஓடும் வண்டிகளுக்குச் செயின்தான் பெரிய செலவு. கண்டெய்னர் லாரிகள் கிளப்பும் புழுதியும் கடற்காற்றின் உப்பும் சேர்ந்து அதை அரித்துவிடுகின்றன. செயின் ஓடும் பற்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டில், பின்பக்கத்துக் கடைசிப் பல்லருகே செயினை அவர் விரலால் இழுத்தபோது பாதிப் பல் வெளியே தெரிந்தது. பற்களின் நுனிகள் கொக்கிபோல ஒரே பக்கம் வளைந்திருந்தன. தேய்ந்த பல் புதுச் செயினையும் தின்றுவிடும் என்பதால் செயினையும் இரு ஸ்ப்ராக்கெட்டுகளையும் சேர்த்தே மாற்றினார். பின்னால் இரண்டு பல் கூட்டிக் கேட்டேன். இழுவை கூடும், ஆனால் நெடுஞ்சாலையில் அதே வேகத்துக்கு எஞ்சின் கூடுதலாகச் சுழலும் என்று விளக்கி, இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடத்தில் ஓட்டுபவருக்கு அது சரி, திருப்பதி வரை போய்வரும் எனக்கு வேண்டாம் என்றார்.

இதற்கு முன் வேறோர் இடத்தில் வாங்கிய பிரேக் பேடு இரண்டே வாரத்தில் டிஸ்க்கில் கோடு கிழித்திருந்தது. இங்கே கழற்றிய பேடையும் புதியதையும் என் கையிலேயே கொடுத்து, உறையிலுள்ள பாக எண்ணைச் சரிபார்க்கச் சொன்ன பிறகே பொருத்தினார்கள்.

சத்தம் எழுப்பும் சைலன்சரை இவர்கள் மாட்டுவதில்லை. வண்டியின் அமைப்பை மாற்றுவதைக் கட்டுப்படுத்தும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு ஒருபுறமிருக்க, மின்னணு முறையில் பெட்ரோலைப் பீய்ச்சும் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வண்டியில் அதை மட்டும் மாற்றினால் காற்றுக் கலவையில் பெட்ரோல் குறைந்து எஞ்சின் சூடேறும் என்பது அவர்கள் சொல்லும் காரணம்.

குறையும் உண்டு. பாகத்தின் விலையையும் கூலியையும் பிரித்து எழுதாமல் ஒரே தொகையாகத் துண்டுச் சீட்டில் தருகிறார்கள். கேட்டால்தான் பிரித்துச் சொல்கிறார்கள். மாலையில் தருவதாகச் சொன்ன வண்டி இருமுறை மறுநாள்தான் கிடைத்தது. வேலைக்குப் போக வண்டி தேவைப்படுபவர்கள் சனிக்கிழமை காலையிலேயே கொண்டுபோய் விடுவது நல்லது.