எஸ்ஏடி கோச்சிங்குக்குப் பணம் கட்டும் முன்: புளூபுக், கான் அகாடமி பற்றி ஓர் அம்மாவின் விமர்சனம்

அமெரிக்காவில் ஹைஸ்கூல் படிக்கும் பிள்ளை இருக்கிற வீடுகளுக்காக இதை எழுதுகிறேன். எஸ்ஏடி, அதாவது அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான தேர்வுக்கு, கோச்சிங் என்று ஆயிரக்கணக்கில் டாலர் கட்டுவதற்கு முன்னால், அந்தத் தேர்வை நடத்தும் காலேஜ் போர்டு இலவசமாகவே தருகிற புளூபுக் செயலியையும், இணையப் பாடத் தளமான கான் அகாடமியின் எஸ்ஏடி பாடங்களையும் ஒரு கோடை விடுமுறை ஒழுங்காகப் பயன்படுத்திப் பாருங்கள். பெரும்பாலான பிள்ளைகளுக்கு அதுவே போதும் என்பது என் உறுதியான கருத்து. ஏன் என்று விவரமாகச் சொல்கிறேன், குறைகளையும் சேர்த்து.

முதலில் தேர்வு. என் மூத்தவன் எழுதியது காகிதத் தேர்வு: பென்சில், குமிழ் நிரப்பும் விடைத்தாள், இடைவேளை போக மூன்று மணி நேரம், ஒரு நீண்ட கட்டுரையைப் படித்துவிட்டு அதிலிருந்தே பத்துப் பதினோரு கேள்விகள். மகள் எழுதியது டிஜிட்டல் தேர்வு. வெளிநாட்டு மாணவர்களுக்கு 2023 மார்ச்சிலும் அமெரிக்காவுக்குள் 2024 மார்ச்சிலும் இந்த வடிவம் வந்துவிட்டது. இப்போது மொத்தமே 2 மணி 14 நிமிடம்தான். ஆங்கிலப் பகுதியில் 54 கேள்விகளுக்கு 64 நிமிடம், கணக்கில் 44 கேள்விகளுக்கு 70 நிமிடம், நடுவில் 10 நிமிட இடைவேளை. நீண்ட கட்டுரைகள் போய், ஒரு சின்னப் பத்திக்கு ஒரு கேள்வி என்று மாறிவிட்டது. மூத்தவன் தேர்வு முடிந்து வெளியே வந்தபோது பேசக்கூடத் தெம்பில்லாமல் இருந்தான், சின்னவள் வரும்போதே எங்கே சாப்பிடப் போகலாம் என்று கேட்டாள். அந்த அளவுக்கு வித்தியாசம் இருக்கிறது.

ஆனால் நேரம் குறைந்ததால் தேர்வு சுலபமாகிவிட்டது என்று நினைத்துவிட வேண்டாம். ஒவ்வொரு பகுதியும் இரண்டு மாட்யூலாகப் பிரிந்திருக்கிறது. முதல் மாட்யூலில் சுலபம், நடுத்தரம், கடினம் எல்லாம் கலந்து வரும். அதைப் பிள்ளை எப்படிச் செய்கிறது என்பதைப் பொறுத்து இரண்டாவது மாட்யூல் கடினமானதாகவோ சற்றுச் சுலபமானதாகவோ திறக்கும். சுலபமான பக்கம் போய்விட்டால் அதில் எல்லாமே சரியாகச் செய்தாலும் அந்தப் பகுதியின் முழு மதிப்பெண்ணான 800-ஐ எட்ட முடியாது. அதனால் முதல் மாட்யூலில் அவசரப்பட்டுச் செய்கிற கவனப் பிழைதான் ரொம்ப விலை உயர்ந்த பிழை. எக்ஸின் மதிப்பைக் கண்டுபிடித்துவிட்டு அதையே விடையாகப் போடுவது, கேள்வி கேட்டதோ 3எக்ஸ் எவ்வளவு என்று! என் மகளின் பிழை நோட்டில் பாதிப் பக்கங்கள் இந்த மாதிரிப் பிழைகள்தான். கடினமான பாடத்தைத் தேடித் தேடிப் படிப்பதை விட இதைச் சரிசெய்ததுதான் அவளுக்கு மதிப்பெண்ணை ஏற்றியது.

இப்போது புளூபுக். உண்மையான தேர்வும் மாதிரித் தேர்வும் இதே செயலியில், இதே திரையில்தான். முழு நீள மாதிரித் தேர்வுகள் பல உள்ளே இலவசமாக இருக்கின்றன, அவையும் உண்மைத் தேர்வு போலவே முதல் மாட்யூலைப் பார்த்து இரண்டாவதை மாற்றிக் கொடுக்கின்றன. வெளியே விற்கிற எந்தப் புத்தகத்தாலும் இதைச் செய்ய முடியாது. கேள்வியைக் கொடியிட்டு வைத்துவிட்டுப் பிறகு திரும்பி வரலாம், வேண்டாத விடைகளை அடித்துவிடலாம், பத்தியில் கோடிட்டுக் குறிப்பு எழுதலாம், கடிகாரம் பதற்றம் தந்தால் அதை மறைத்து வைக்கலாம் (கடைசி ஐந்து நிமிடத்தில் அதுவே வந்து நிற்கும்). ஒரே ஒரு விஷயத்தில் பெற்றோர் கவனமாக இருக்க வேண்டும். மாதிரித் தேர்வைப் பாதியில் சேமித்து வெளியேறி நாளைக்குத் தொடரலாம் என்று செயலி அனுமதிக்கிறது. அந்த வசதியைப் பயன்படுத்தினால் கிடைக்கும் மதிப்பெண்ணை நம்பாதீர்கள். சனிக்கிழமை காலை, கதவை மூடிக்கொண்டு, போனை வெளியே வைத்து, ஒரே மூச்சில் எழுத வையுங்கள்.

செயலிக்குள்ளேயே இருக்கிற டெஸ்மாஸ் வரைபடக் கால்குலேட்டர் பற்றி நிறையச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பல பிள்ளைகள் அதைக் கூட்டல் கழித்தலுக்கு மட்டும் பயன்படுத்துகிறார்கள். கணக்குப் பகுதி முழுவதும் அதைத் திறந்து வைத்துக்கொள்ளலாம். இரண்டு சமன்பாடுகளைக் கொடுத்துத் தீர்வு கேட்டால் இரண்டையும் அப்படியே தட்டச்சு செய்தால் போதும், இரண்டு கோடும் வெட்டும் இடத்தில் ஒரு சாம்பல் நிறப் புள்ளி தெரியும், அதைத் தொட்டால் விடை வந்துவிடும். இன்னொன்று பாருங்கள்: எக்ஸ் ஸ்கொயரில் இருந்து 6எக்ஸைக் கழித்து சி-யைக் கூட்டினால் வருகிற வளைகோடு எக்ஸ் அச்சை ஒரே ஓர் இடத்தில் தொட வேண்டும் என்றால் சி என்ன? காகிதத்தில் இதற்கு ஒரு சூத்திரம் நினைவு வர வேண்டும். டெஸ்மாஸில் அதைத் தட்டச்சு செய்து சி-க்கு ஒரு ஸ்லைடரைச் சேர்த்தால் போதும், நகர்த்த நகர்த்த வளைகோடு மேலே ஏறும், 9-இல் சரியாக அச்சின் மேல் வந்து உட்காரும். கண்ணால் பார்த்தே விடை எழுதலாம். நம் பெற்றோர் சிலருக்கு இது பிடிக்காது, கையால் போட்டால்தான் கணக்கு என்பார்கள். எனக்கும் கைக்கணக்கின் மேல் பெரிய மரியாதை உண்டு. ஆனாலும், வளைகோடு நகர்வதைப் பார்த்த பிறகுதான் அந்தச் சூத்திரம் ஏன் வேலை செய்கிறது என்று என் மகளுக்குப் புரிந்தது, அதை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். டெஸ்மாஸ் இணையத்தில் தனியாகவும் இலவசமாகக் கிடைக்கிறது, ஒன்பதாம் வகுப்பிலேயே பழக்கிவிடுங்கள்.

ஆங்கிலப் பகுதியில் கான் அகாடமி நன்றாகவே கைகொடுத்தது. 2015-இலிருந்து காலேஜ் போர்டோடு சேர்ந்து இலவசப் பயிற்சி தருகிறார்கள். நிறுத்தற்குறி, வாக்கிய இணைப்புச் சொல், குறிப்புகளைத் தந்து அவற்றில் எது நோக்கத்துக்குப் பொருந்தும் என்று கேட்பது, இந்த மூன்று வகையும் விதிகளைப் பழகினால் முழுதாகக் கைக்கு வந்துவிடும். வாசித்துப் புரிந்துகொள்ளும் கேள்விகளுக்குக் கான் அகாடமியும் ஓரளவுக்குத்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டு நாவலின் ஒரு பத்தியோ ஒரு கவிதையோ வரும்போது, சின்ன வயதிலிருந்து புத்தகம் படித்த பிள்ளைக்கும் படிக்காத பிள்ளைக்கும் வித்தியாசம் அப்பட்டமாகத் தெரியும். ஆறு வாரத்தில் அதை யாராலும் கொடுத்துவிட முடியாது, பணம் வாங்குகிறவர்களாலும் முடியாது.

பலருக்குத் தெரியாத இன்னொரு இலவசப் பொருள், காலேஜ் போர்டு தளத்தில் இருக்கும் கேள்வி வங்கி. எந்தத் திறன், எவ்வளவு கடினம் என்று வடிகட்டி எடுக்கலாம். புளூபுக் மாதிரித் தேர்வுகளில் இருக்கும் கேள்விகளை மட்டும் ஒதுக்கிவிடவும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள், அதைத் தேர்ந்தெடுத்துக்கொண்டால் மாதிரித் தேர்வு கெட்டுப்போகாது.

கோச்சிங் கதைக்கு வருகிறேன். தமிழ்ப் பள்ளி வாசலில் பிள்ளைகளுக்காகக் காத்திருக்கும்போது எல்லா அம்மாக்களும் பேசுவது இதைத்தான். நாங்களும் ஒரு சென்டரில் போய் விசாரித்தோம், பெயர் வேண்டாம். இலவச மதிப்பீட்டுத் தேர்வு என்று உட்கார வைத்தார்கள், கையில் கொடுத்தது பழைய காகிதத் தேர்வின் நகல். கால்குலேட்டர் கூடாத கணக்குப் பகுதி அதில் அப்படியே இருந்தது, டிஜிட்டல் தேர்விலோ அப்படி ஒரு பகுதியே கிடையாது. அதில் வந்த குறைந்த மதிப்பெண்ணைக் காட்டி, இப்போது சேராவிட்டால் கஷ்டம் என்று பிள்ளை எதிரிலேயே சொன்னார்கள். எனக்குக் கோபம் வந்தது, இன்னும் போகவில்லை. பதினாறு வயதுப் பிள்ளையின் நம்பிக்கையைக் குலைத்து வியாபாரம் செய்யக் கூடாது. தனியாக உட்கார்ந்து படிக்கவே முடியாத பிள்ளைகள் உண்டு, அவர்களுக்கு வாரம் ஒருமுறை ஒரு நல்ல டியூட்டர் உதவலாம், அதை நான் மறுக்கவில்லை. அப்போதும் அவர் புளூபுக் முடிவுகளை வைத்துச் சொல்லித்தருகிறாரா என்று கேட்டுவிட்டுச் சேருங்கள்.

சரி, குறைகள். புளூபுக் விண்டோஸ், மேக், ஐபேடில் ஓடும், குரோம்புக் என்றால் பள்ளி நிர்வகிப்பதாக இருக்க வேண்டும், வீட்டில் வாங்கியது உதவாது. இணையம் நடுவில் போனாலும் தேர்வு தொடரும், அது நல்ல ஏற்பாடு. ஆனால் 2025 மார்ச் 8 அன்று செயலியில் இருந்த கோளாறால் காலை 11 மணிக்கு ஆயிரக்கணக்கான மாணவர்களின் தேர்வு நேரம் முடியும் முன்பே தானாகச் சமர்ப்பிக்கப்பட்டுவிட்டது. காலேஜ் போர்டு ஒப்புக்கொண்டு பணத்தைத் திருப்பிக் கொடுத்தது, மறுதேர்வும் வைத்தது. மாதக்கணக்கில் தயாரான பிள்ளைக்கு அதெல்லாம் ஈடாகுமா?

எனக்கு இதைவிடப் பெரிய குறை, மதிப்பெண் அறிக்கை. காகிதக் காலத்தில் சில மாதத் தேர்வுகளுக்குக் கேள்வித்தாளையும் விடைகளையும் பணம் கட்டி வாங்கிப் பார்க்கலாம். இப்போது எந்தக் கேள்வியும் திரும்பக் கிடைக்காது, எந்தத் திறனில் எப்படி என்று சில பட்டைகள் மட்டும்தான். கணக்கில் எதைத் தப்பாகப் போட்டோம் என்று தெரியாமலே அடுத்த தேர்வுக்குத் தயாராக வேண்டியிருக்கிறது. கணக்கின் கடினமான இரண்டாம் மாட்யூல் மாதிரித் தேர்வுகளைவிட ஒரு படி கடினம் என்றும் மகள் சொல்கிறாள், அவள் தோழிகளும் அதையே சொல்கிறார்கள். மாதிரித் தேர்வு மதிப்பெண்ணை அப்படியே எதிர்பார்க்காமல் கொஞ்சம் குறைத்தே வைத்துக்கொள்ளுங்கள். தேர்வு மையமும் தலைவலிதான். பக்கத்துப் பள்ளிகளில் இடம் சீக்கிரம் நிரம்பிவிடுகிறது, எங்களுக்குக் கிடைத்த மையத்தில் மின்செருகி வசதி ஒரு சில மேசைகளுக்குத்தான் இருந்தது. பதிவு திறந்ததுமே போட்டுவிடுங்கள், மடிக்கணினியை முந்தின இரவே முழுதாகச் சார்ஜ் செய்துவிடுங்கள்.

இவ்வளவும் வேண்டுமா என்று சிலர் கேட்கிறார்கள். பள்ளிப் படிப்பை முடிப்பதற்கு என்றால் மாநிலத்துக்கு மாநிலம் கதை வேறு. எங்கள் நியூ ஜெர்ஸியில் 11-ஆம் வகுப்பில் பள்ளிப் படிப்பை முடிக்கத் தனியாக ஒரு தகுதித் தேர்வு உண்டு, அதில் தேறாத பிள்ளை போதுமான எஸ்ஏடி மதிப்பெண்ணைக் காட்டியும் அந்தத் தேவையை நிறைவு செய்யலாம். மாசசூசெட்ஸில் 2024 நவம்பரில் மக்கள் வாக்களித்து பள்ளிப் படிப்பை முடிக்க எம்சிஏஎஸ் என்ற மாநிலத் தேர்வில் தேற வேண்டும் என்ற கட்டாயத்தையே நீக்கிவிட்டார்கள். கல்லூரி விஷயத்தில், கலிஃபோர்னியா பல்கலைக்கழகக் கல்லூரிகள் சேர்க்கைக்கு எஸ்ஏடியைப் பார்ப்பதே இல்லை. எம்ஐடி 2022-இல் கட்டாயத்தைத் திரும்பக் கொண்டுவந்தது, 2024-இல் டார்ட்மவுத், பிரவுன், ஹார்வர்டு, ஆஸ்டினில் உள்ள டெக்ஸஸ் பல்கலைக்கழகம் எல்லாம் அதே வழிக்கு வந்தன. அதனால் பிள்ளையின் கல்லூரிப் பட்டியலை முதலில் எழுதுங்கள், அப்புறம் முடிவு செய்யுங்கள். இன்னொன்றும் உண்டு. நீட், ஜேஇஇ போல இந்த ஒரே மதிப்பெண்ணில் இடம் தீர்மானமாகாது, நான்கு வருடப் பள்ளி மதிப்பெண்களும் எடுத்த பாடங்களும் இதைவிடக் கனமானவை. மொத்தம் 1600-க்கு 1520 வாங்கிய பிள்ளையை 1560-க்காக மறுபடி உட்கார வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அந்தச் சனிக்கிழமைகளைப் பள்ளிப் படிப்புக்கே கொடுங்கள்.

கட்டணம் 2024-25-இல் 68 டாலர். வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு 11, 12-ஆம் வகுப்பில் இரண்டு முறை இலவசமாக எழுதக் கட்டண விலக்கு உண்டு, பள்ளி கவுன்சிலரிடம் கேட்டால் கிடைக்கும். வீட்டில் கணினி இல்லை என்றால் காலேஜ் போர்டே இரவல் தருகிறது, தேர்வுக்கு 30 நாள் முன்பாவது விண்ணப்பிக்க வேண்டும். வேலை போன குடும்பங்கள் நம்மில் இப்போது நிறைய இருக்கின்றன, கூச்சப்படாமல் கேட்டு வாங்குங்கள்.