நெடுந்தீவில் டிஷ் பூட்டிய வீடுகள்

ஊருக்குப் போய்த் திரும்பி வந்ததும் ரொறொன்ரோவில் ஆட்கள் முதலில் கேட்டது இணையத்தைப் பற்றி, "நெடுந்தீவில இப்ப நெற் எப்பிடி?" என்றுதான். படகைப் பற்றியோ தண்ணீரைப் பற்றியோ ஒருவரும் கேட்கவில்லை. கேட்டவர்கள் எல்லோருக்கும் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன்.

நெடுந்தீவு யாழ்ப்பாணக் கரைக்கு அப்பால் கடலில் இருக்கிற தீவு. குறிகட்டுவான் இறங்குதுறையில் படகு ஏறினால் கிட்டத்தட்ட ஒரு மணித்தியாலத்தில் தீவின் துறையான மாவிலித்துறை. நான் போனது தென்மேற்குக் காற்று வீசும் சோளகக் காலம். கடல் தூக்கிப் போட்டதில் ஃபோனை எடுத்துப் பார்க்கவே மனம் வரவில்லை. தீவில் கைத்தொலைபேசிக் கவரேஜ் இருக்கிறது. ஆனால் நான் பாவித்த சிம்மில் பகலில் வாட்ஸ்அப் செய்தி போகும், படம் போகும். பின்னேரம் பெடியள் எல்லோரும் ஃபோனைக் கையில் எடுத்ததும் வீடியோ கோலில் முகம் உறைந்து நின்றுவிடும். றீலோட் போட்ட டேட்டா மட்டும் கரைந்துகொண்டே போகும். எந்தக் கம்பனி என்று சொல்லி என்ன பயன், தீவுப் பக்கம் வந்தவர்களுக்கு இது தெரிந்த கதைதான்.

இந்தமுறை கண்ட புது விசயம், சில கூரைகளில் ஏறியிருக்கும் வெள்ளைப் பலகை. ஸ்டார்லிங்க். ஸ்பேஸ்எக்ஸ் கம்பனி செய்மதிகள் வழியாகத் தரும் இணையம், அந்தப் பலகைதான் அதைப் பிடிக்கும் டிஷ். இலங்கையில் அது 2025 ஜூலையில் சேவையைத் தொடங்கியது. அதற்கு முதல் வருசமே நாடாளுமன்றத்தில் தொலைத்தொடர்புச் சட்டத்தைத் திருத்தி, ஓகஸ்டில் அனுமதிப்பத்திரமும் கொடுத்துவிட்டார்கள். பிறகும் ஏறக்குறைய ஒரு வருசம் இழுபட்டது. தெற்காசியாவில் பூட்டானும் வங்காளதேசமும் எங்களை முந்திவிட்டன.

அந்தக் கம்பனி வளர்ந்த வேகத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 2019 மே மாதம் முதல் தொகுதியாக 60 செய்மதிகளை அனுப்பினார்கள். 2022 கடைசியில் 10 இலட்சம் சந்தாதாரர். 2024 செப்டெம்பரில் 40 இலட்சம். 2025 முடிவதற்குள் 80 இலட்சத்தைத் தாண்டிவிட்டது. இதே கனவோடு வந்த இரிடியம் என்ற செய்மதித் தொலைபேசிக் கம்பனி 1999இலும், வன்வெப் என்ற செய்மதி இணையக் கம்பனி 2020இலும் வங்குரோத்துக்குப் போனவை. ஸ்டார்லிங்க் தப்பிப் பிழைத்ததற்குப் பெரிய காரணம், ரொக்கெட் சொந்த ரொக்கெட், அதுவும் திரும்ப இறங்கி மறுபடி பறக்கும் ரொக்கெட். மற்றவர்கள் ஒவ்வொரு ஏவலுக்கும் வேறொருவருக்குக் காசு எண்ண வேண்டியிருந்தது.

பழைய செய்மதி இணையம் பாவித்தவர்களுக்கு ஒரு பயம் இருக்கும்: "ஹலோ" சொன்னால் பதில் வர இழுபடுமே என்று. அந்தச் செய்மதிகள் 35,786 கிலோமீற்றர் உயரத்தில் நிற்பவை. இவை ஏறக்குறைய 500 கிலோமீற்றரில் ஓடுகின்றன. நான் ஒரு வீட்டில் இருந்து மகளோடு வீடியோவில் கதைத்தபோது, ஸ்காபரோவில் பக்கத்துத் தெருவில் இருந்து கதைப்பதுபோல இருந்தது. பனை மறைக்காமல் வானம் திறந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். கரண்ட் போனால் இதுவும் போகும் என்பதால் ஒரு பற்றரி வைத்திருக்கிறார்கள். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் சூரிய ஒளி, காற்று, டீசல் சேர்ந்த மின்திட்டத்துக்கு 2024இல் இந்திய உதவியோடு ஒப்பந்தம் எழுதியிருக்கிறார்கள்.

இனி விலை. தொடங்கியபோது கருவிக்கு 118,000 ரூபா, வீட்டுத் திட்டம் மாதம் 15,000, கொஞ்சம் மெதுவான திட்டம் 12,000. எங்களுக்கு 15,000 என்றால் ஏறக்குறைய 70 கனேடிய டொலர், யோசிக்காமல் கட்டுவோம். கடலை நம்பி இருக்கிற குடும்பம் எங்கே கட்டும்? ஆகவே நான் விசாரித்த டிஷ் எல்லாவற்றுக்கும் காசு வருவது பாரிசில் இருந்து, லண்டனில் இருந்து, எங்கள் ரொறொன்ரோவில் இருந்து.

அதில் ஒரு வீட்டைச் சொல்லாமல் விட முடியாது. பவளக்கல் மதில், புதுப் பெயின்ற், பெரிய கேற், உள்ளே ஒருவரும் இல்லை. சொந்தக்காரர் வருசத்தில் ஒருமுறை வந்தால் பெரிய விசயம். "அப்ப ஏன் அண்ணை இதுக்கு நெற்?" என்று வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் கேட்டேன். "கமராவுக்குத் தம்பி. அவை அங்கயிருந்து பாப்பினம்." மாதம் 15,000 ரூபா கட்டி, பூட்டிய கேற்றையும் அதைக் கடந்து போகும், தீவில் அலைகிற குட்டையான கட்டைக் குதிரையையும் பாரிசில் இருந்து பார்க்கிறார்கள். நல்லவேளை, அண்ணைக்குப் பாஸ்வேர்ட் தெரியும். பின்னேரம் உயர்தரம் படிக்கிற பிள்ளைகள் சிலர் அந்த மதிலோரம் வந்து வினாத்தாள் தரவிறக்குகிறார்கள். சொந்தக்காரருக்கு அது தெரியுமோ தெரியாதோ, கமரா கேற்றைத்தான் பார்க்கிறது.

எனக்கு இதில் சண்டை பிடிக்க விருப்பமில்லை, அவரவர் காசு. ஆனால் வெளிநாட்டில் இருக்கிற எங்கள் ஊர் ஒன்றியங்கள் வருசா வருசம் விழா மண்டபத்துக்குக் கொடுக்கும் காசில் ஒரு பகுதியை எடுத்தால், பள்ளிக்கூடத்துக்கு ஒன்று, வைத்தியசாலைக்கு ஒன்று, கூட்டுறவுச் சங்கத்துக்கு ஒன்று என்று வருசம் முழுக்கக் கட்டலாம். அவசர நோயாளியைக் கடற்படைப் படகில் ஏற்றுகிற தீவில், யாழ்ப்பாணத்து வைத்தியருக்கு ஒரு ஈசிஜியைத் தாமதமில்லாமல் அனுப்ப முடிவது சின்ன விசயமா? கூடவே பழைய கைத்தொலைபேசிக் கோபுரச் சேவையையும் திருத்தச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். 2025 ஜூலை 24 அன்று ஸ்டார்லிங்க் உலகம் முழுக்க இரண்டரை மணித்தியாலம் விழுந்து கிடந்தது. ஒரே கம்பனியை நம்பித் தீவைக் கட்ட முடியாது.

செய்ய நினைப்பவர்களுக்கு இரண்டு விசயம். வீட்டுத் திட்டத்தை எடுத்து ஊருக்குப் பிரித்து விற்க விதி இடம் கொடுக்காது, அதனால் நிறுவனத்தின் பெயரிலேயே அதற்குரிய திட்டத்தை எடுங்கள். அப்புறம், கனடாவில் மலிவாக வருகிறதென்று கருவியைச் சூட்கேசில் கட்டிக்கொண்டு போகாதீர்கள். ரேடியோக் கருவி இறக்குவதற்குத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி வேண்டும், கட்டுநாயக்கா விமான நிலையத்தில் மினக்கெட வேண்டிவரும். இலங்கையிலேயே ஓடர் பண்ணலாம்.